மூன்று அணை, ஒரு ‘அனிகட்’: நெற்களத்தில் நடந்த ஒரு மோதலின் ஆய்வு

மோதல் நடந்தது சாயங்காலம் 4 மணி 55 நிமிடம் 26 வினாடிக்கு. இடம், திருச்சி விமான நிலையத்துக்கு வடகிழக்கே ஏறக்குறைய நாலு மைல். உயரம் 2,500 அடி. சம்பந்தப்பட்டவை ஒரு பயிற்சி விமானமும், அப்போதுதான் மேலே எழும்பிய ஒரு பயணிகள் ஜெட்டும். சேதம், ஒரு சிலேட்டின் மூலை.

பதற வேண்டாம். இரண்டு விமானங்களில் ஒன்று கைலி கட்டியிருந்தது, இன்னொன்று டிராக் பேண்ட். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையின் சிமெண்டுக் களத்தில்தான் இத்தனையும் நடந்தது. பொங்கல் விடுமுறை. நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த நேரம். ஆலைக்காரர் எனக்குத் தூரத்து உறவு, ஆறு மணி வரை களத்தை எங்களுக்கு விட்டிருந்தார்.

அன்று நடந்ததை நிஜ விபத்தை ஆராய்வதுபோலவே எழுதி வைக்கிறேன். மோதிய இரண்டு பேரும், டவரில் இருந்த பெண்ணும், மூன்றாவது விமானியும், யாருமே பெரிய தப்பு எதுவும் செய்யவில்லை. அதனால்தான் எழுதத் தோன்றியது.

களமும் விதிகளும்

விமானத்தில் ரேடியோவில் பேசுவதற்குத் தனி உரிமம் உண்டு. ஆர்.டி.ஆர். என்பார்கள். வெகுகாலம் தொலைத்தொடர்புத் துறை தேர்வு நடத்தியது. பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபின் அந்த வேலை விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.விடம் போனது. விமானி ஆக நினைக்கும் டெல்டாப் பிள்ளைகள் சிலருக்கு இந்தத் தேர்வுக்காக நான் பாடம் எடுக்கிறேன். ஆங்கிலம் வராததுதான் சிக்கல் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது இல்லை. ரேடியோவில் பேசுவது ஆங்கிலமே அல்ல. சில நூறு சொற்களில் அடங்கிவிடும் தனி பாஷை. கான்வென்டில் படித்த பிள்ளைதான் அதில் அதிகம் தடுமாறும், ஏனென்றால் அதற்கு வேறு சொற்களும் தெரியும்.

களத்தில் சாக்பீஸால் டெல்டாவை வரைந்தோம். ஓர் அடி ஒரு கடல் மைல். நடுவே திருச்சி ஓடுபாதை, கிழக்கு மேற்காக, 09 என்றும் 27 என்றும். வடமேற்கே பத்து அடியில் முக்கொம்பு. வடகிழக்கே ஏழரை அடியில் கல்லணை. முப்பத்தைந்து அடியில் பாபநாசம். அணைக்கரை களத்தின் விளிம்பில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போய் விழுந்தது. தஞ்சாவூரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு உள்ளே வரக்கூடாது என்று வைத்துக்கொண்டோம். அங்கே விமானப்படைத் தளம், 2020 ஜனவரியிலிருந்து சுகோய்ப் படைப்பிரிவு ஒன்றும் இருக்கிறது. பெரம்பலூர் இருக்க வேண்டிய இடத்தில் நெல் அம்பாரம். நிஜத் திருச்சியின் நடைமுறைகள் வேறு, கருவிகள் வேறு. நாங்கள் எடுத்துக்கொண்டது நிலத்தின் அமைப்பை மட்டுமே.

பயிற்சி விமானம் பத்து வினாடிக்கு ஓர் அடி நகரலாம். அதாவது நிஜத்தைவிட நாலு மடங்கு வேகம். ஆனாலும் பார்ப்பவருக்குச் சாமி புறப்பாடு போல இருக்கும். பேச்சை நாலு மடங்கு வேகமாக்க முடியாதே! ஆறு வினாடிப் பேச்சு எங்கள் கணக்கில் 24 வினாடிப் பறத்தலைத் தின்றுவிடும். அந்த நெருக்கடி வேண்டும் என்றுதான் அப்படி வைத்தேன். ஒவ்வொருவர் கழுத்திலும் உயரம் எழுதிய சிலேட்டு. கண் தன் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும், நிமிர்ந்து பார்க்கக் கூடாது. டவர், அதாவது விமானங்களுக்கு உத்தரவு கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரம், எங்களுக்கு எடை போடும் அறை, கதவு சாத்தியிருக்கும். உள்ளே இருப்பவருக்கு வாக்கி டாக்கியும், காகிதத் துண்டுகளும், கடிகாரமும் மட்டும். அன்று பேசியது எல்லாம் ஒரு போனில் பதிவாகியிருக்கிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓர் ஆளின் தோளகலமே எங்கள் அளவில் ஒன்றரை மைல். ஆகவே நாங்கள் மோதல் என்பது, நிஜ வானத்தில் ஒரே உயரத்தில் ஒன்றரை மைலுக்குள் வந்ததைத்தான்.

டவரில் பட்டுக்கோட்டைப் பெண், எல்லோருக்கும் மூத்தவள், எல்லோருக்கும் அக்கா. கிழக்கே பாபநாசத்திலிருந்து வரும் காவேரி 15, குடவாசல் பையன். மேற்கே குளித்தலைப் பக்கமிருந்து வரும் காவேரி 19, திருவையாற்றுப் பெண். ஓடுபாதை முனையில் சென்னைக்குக் கிளம்பக் காத்திருக்கும் ஜெட், பொன்னி 402, மன்னார்குடிப் பையன். வாடைக்காற்று என்பதால் ஓடுபாதை 09. கிழக்கு நோக்கி இறங்கி, கிழக்கு நோக்கியே ஏற வேண்டும்.

15, 19 என்ற பெயர்களை வைத்தது நான். அதை அப்புறம் சொல்கிறேன்.

நடந்தது

பதிவிலிருந்து அப்படியே எடுத்துத் தருகிறேன். சாயங்காலம் 4 மணி 50 நிமிடத்துக்கு ஆரம்பம்; இனி வரும் நேரமெல்லாம் அதிலிருந்து ஓடிய நிமிடம், வினாடி.

0:40. டவர்: “காவேரி ஒன் ஃபைஃப், ரிப்போர்ட் கிராண்ட் அனிகட்.”
0:45. பதினைந்து: “ரோஜர், வில் ரிப்போர்ட் அனிகட்.”
3:30. டவர்: “காவேரி ஒன் நைனர், ரிப்போர்ட் அப்பர் அனிகட்.”
3:35. பத்தொன்பது: “ரிப்போர்ட் அப்பர் அனிகட், காவேரி ஒன் நைன்.”
4:20. பொன்னி: “டவர், பொன்னி ஃபோவர் ஸீரோ டூ, ரெடி ஃபார் டிபார்ச்சர்.”
4:24. டவர்: “பொன்னி ஃபோவர் ஸீரோ டூ, ஸ்டாண்ட்பை.”
4:38. பதினைந்து: “…ஒன் …ஐ…, ஓவர்ஹெட் அனிகட், டூ தௌசண்ட் ஃபைவ் ஹண்ட்ரட்.”
4:44. டவர்: “காவேரி ஒன் நைனர், ஜாயின் லெஃப்ட் பேஸ், ரன்வே ஸீரோ நைனர்.”
4:50. பத்தொன்பது: “ஜாயின் லெஃப்ட் பேஸ், ரன்வே ஸீரோ நைன், காவேரி ஒன் நைன்.”
4:58. டவர்: “பொன்னி ஃபோவர் ஸீரோ டூ, லெஃப்ட் டர்ன் ஆஃப்டர் டிபார்ச்சர், ரன்வே ஸீரோ நைனர், கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்.”
5:03. பொன்னி அதை ஓர் எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னான்.
5:26. ‘டொக்.’

இதைப் படிப்பவருக்கு, 4:44-க்கு டவர் கொடுத்த உத்தரவைச் சரியான விமானமே ஏற்றுக்கொண்டதாகத்தான் தெரியும். ஆனால் 4:50-க்குக் குடவாசல் பையனும் பொத்தானை அழுத்தி, “லெஃப்ட் பேஸ், ரோஜர்” என்று சொல்லியிருந்தான். அது டவரிலும் கேட்கவில்லை, பதிவிலும் இல்லை. அவன் பக்கத்தில் நின்று அடி எண்ணிக்கொண்டிருந்த பொடியன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவன் கல்லணையிலிருந்து மேற்கே, ஓடுபாதைக்கு வடக்குப் பக்கமாக நகர ஆரம்பித்தான். டவர் அக்காவின் காகிதக் கணக்கில் அவன் இன்னும் கல்லணைக்கே வந்து சேரவில்லை. விமான நிலையத்துக்கும் கல்லணைக்கும் நடுவே வானம் காலி. அந்தக் காலி இடத்துக்குள்தான் ஜெட்டை இடப்பக்கம் திரும்பச் சொல்லி அனுப்பினாள்.

எந்த அணை?

முதல் கேள்வி, ‘அனிகட்’ என்றால் எது? நம்முடைய அணைக்கட்டுதான் ஆங்கிலேயர் வாயில் புகுந்து அனிகட் ஆகித் திரும்பி வந்திருக்கிறது. முக்கொம்பில் இருப்பது அப்பர் அனிகட், நம் மேலணை. அணைக்கரையில் இருப்பது லோயர் அனிகட், கீழணை. இரண்டும் 1836-ஐ ஒட்டி ஆர்தர் காட்டன் காலத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே வந்தவை. நடுவில் கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணை, கிராண்ட் அனிகட். ஒரே ஆற்றுத் தொகுதியில் மூன்று அனிகட். முன்னால் இருக்கும் அடைமொழியை எடுத்துவிட்டால் மூன்றும் ஒன்றுதான்.

மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாங்கள் வாதாடும்போது குறுக்கே வந்து, “அணைன்னா மேட்டூர்தானே தம்பி, வேற என்ன?” என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ‘அணை திறந்தாச்சா?’ என்று தஞ்சாவூர் ஜில்லாவில் யார் கேட்டாலும் அது மேட்டூரைத்தான். ஜூன் 12 எப்போது வரும் என்று காத்திருக்கிறவர்களுக்கு வேறு அணை கிடையாது. ஆக அந்தக் களத்தில் ‘அணை’ என்ற ஒரு சொல்லுக்கு நாலு இடம் இருந்தது.

குடவாசல் பையனுக்கு அது கல்லணை. அவன் வரும் வழியில் அது ஒன்றுதான். டவர் அக்காவுக்கு அந்த நிமிடம் அது முக்கொம்பு, ஏனென்றால் அதற்கு ஒரு நிமிடம் முன்னால்தான் அவள் வாயால் ‘அப்பர் அனிகட்’ என்று சொல்லியிருந்தாள். பதினைந்து 5:10 வாக்கில் கல்லணைக்கு வரும் என்று கணக்குப் போட்டிருந்தாள். பாபநாசத்தில் கிளம்பிய நேரத்தைத் தாமதமாகக் குறித்ததால் வந்த அரை நிமிடப் பிழை அது. எதிர்பார்த்த குரல் எதிர்பார்த்த நேரத்தில் வந்தது, அவ்வளவுதான்.

ஆற்றையும் ஊரையும் பார்த்துப் பறக்கிறவர் இடத்தைச் சொல்லும்போது பெயரோடு தூரத்தையும் திசையையும் சேர்த்துச் சொன்னால் இந்தக் குழப்பம் வராது. ‘கிராண்ட் அனிகட், ஏழு மைல் வடகிழக்கு’ என்று இன்னும் இரண்டு வினாடி பேசியிருந்தால் போதும். ‘வடகிழக்கு’ என்ற சொல் காதில் விழுந்திருந்தால் டவர் அக்காவின் கை பத்தொன்பதின் காகிதத் துண்டுக்குப் போயிருக்காது.

ரோஜர் என்பது என்ன சொல்கிறது

இரண்டாவது, 0:45-ல் வந்த ‘ரோஜர்’. குடவாசல் பையன் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன், என்னிடமே வாதாடினான். “இன்ன இடத்துல ரிப்போர்ட் பண்ணுங்கிறது கட்டாய ரீட்பேக் லிஸ்ட்லயே இல்லையே சார்.” அவன் சொல்வது சரி. ஓடுபாதைக்குள் நுழைவது, கடப்பது, இறங்குவது, ஏறுவது, ஓடுபாதை எண், உயரமானிக்குக் கொடுக்கும் அழுத்தம், டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) குறியீடு, உயரம், திசை, வேகம் போன்றவற்றைத்தான் கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டும் என்கிறது சர்வதேச விதி. ஆனால் அதே விதியில் அடுத்த வரியும் உண்டு: மற்ற உத்தரவுகளுக்கும் புரிந்தது என்று தெளிவாகத் தெரியும்படி பதில் சொல்ல வேண்டும். ‘ரோஜர்’ என்றால் நீங்கள் சொன்னது முழுதும் காதில் விழுந்தது என்று அர்த்தம். புரிந்தது என்றோ செய்கிறேன் என்றோ அல்ல. செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’ இருக்கிறது.

அவன் திருப்பிச் சொல்லவும் செய்தான், அதுதான் வேடிக்கை. ‘கிராண்ட்’ ஒன்றைத்தான் விட்டான். விட்ட அந்தச் சொல்லில்தான் இடமே இருந்தது. டவர் அக்கா அப்போதே “கன்ஃபர்ம் கிராண்ட் அனிகட்” என்று கேட்டிருக்கலாம். திருப்பிச் சொல்வது விமானியின் வேலை என்றால், அதைக் காது கொடுத்துக் கேட்பது டவரின் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் வட்டம் மூடும்.

1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூரில் இறங்க வந்த ஃப்ளையிங் டைகர் 66 சரக்கு விமானத்தில் நடந்தது இதேதான். கட்டுப்பாட்டாளர் 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார்: “டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ.” அந்த ‘டூ’ என்ற எண், ஆங்கிலத்தில் ‘அதுவரை’ என்று பொருள்படும் ‘டு’வாகக் காதில் விழுந்தது. “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று பதில் போனது. யாரும் திருத்தவில்லை. 400 அடியை நோக்கி இறங்கிய 747 குன்றில் மோதியது, இருந்த நாலு பேரும் இறந்தார்கள். வேறு தவறுகளும் உண்டு. தரை நெருங்குகிறது என்று கருவி கத்தியதையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. ஆனால் முதல் கண்ணி, திருப்பிச் சொன்னதில் காணாமல் போன ஒரே ஒரு எண்.

பொத்தானும் வாயும்

4:38-ல் அந்தப் பையனின் அழைப்புப் பெயர் ஏன் கேட்கவில்லை? வாயும் கட்டைவிரலும் ஒரே நேரத்தில் வேலை செய்தன. பொத்தானை அழுத்தியதும் கருவி ஒலிபரப்பத் தொடங்க ஒரு நொடியின் சிறு பங்கு பிடிக்கும். அதற்குள் பேசிவிட்டால் முதல் சொல் வெளியே போகாது. அந்த முதல் சொல்தான் பெரும்பாலும் நம் பெயர். வகுப்பில் நான் சொல்வது: அழுத்து, ஒரு மூச்சு விடு, அப்புறம் பேசு. அழுத்துவதற்கு முன்னால் என்ன பேசப் போகிறோம் என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார். யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று கேள். சொல்வது சுலபம். கல்லணைக் கோட்டில் கால் பட்டதும் அவன் கை தானாகப் பொத்தானுக்குப் போய்விட்டது.

மிச்சமிருந்தது ஓர் ‘ஐ’ ஓசை. ஃபைவ், நைன் இரண்டுக்கும் நடுவில் இருப்பது அந்த ‘ஐ’தான். இரைச்சலில் முன்னும் பின்னும் இருக்கும் மெய்யெழுத்துகள்தான் முதலில் தேயும். அதனால்தான் ரேடியோவில் ஐந்தை ‘ஃபைஃப்’ என்றும் ஒன்பதை ‘நைனர்’ என்றும் சொல்ல வைத்திருக்கிறார்கள். ஒன்பதுக்கு ஓர் அசை கூடுதல், அது தேயாது. டவர் அக்கா கடைசி வரை சரியாகச் சொன்னாள். மற்ற இரண்டு பேருக்கும் கூச்சம். ‘நைனர்’ என்றால் யாரோ கிண்டல் பண்ணுவதுபோல இருக்கிறதாம்.

பெயர் வைத்த என் தப்பும் இங்கேதான் வருகிறது. கடைசி இலக்கம் ஐந்தும் ஒன்பதுமாக இரண்டு விமானத்தை ஒரே அலைவரிசையில் விட்டது நான். வேண்டுமென்றே பொறி வைத்தேன் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். இல்லை, யோசிக்காமல்தான் வைத்தேன். நிஜத்தில் இப்படி அமைந்துவிட்டால், ஒரு விமானத்தின் அழைப்புப் பெயரைத் தற்காலிகமாக மாற்றிக்கொள்ளச் சொல்ல டவருக்கு அதிகாரம் உண்டு. டவர் அக்காவுக்கு அது தெரியும். “சார் வெச்ச பேரை எப்படி மாத்துறதுன்னு விட்டுட்டேன்” என்றாள். இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில்

4:50-ல் இரண்டு பேர் ஒன்றாகப் பேசினார்கள், ஒருவர் குரல் மட்டும் கேட்டது. இதற்குக் காரணம் எங்கள் சின்ன வாக்கி டாக்கி. அது எஃப்.எம். முறையில் இயங்குவது. இரண்டு அலை வந்தால் வலுவானது மற்றதை விழுங்கிவிடும், விழுங்கியதன் சுவடே இருக்காது. விமான ரேடியோ 118 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, இன்றைக்கும் ஏ.எம். முறைதான். பழைய முறையை ஏன் இன்னும் விடவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஏ.எம்.மில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். பேச்சு புரியாது, ஆனால் ஏதோ தவறிவிட்டது என்றாவது தெரியும். எங்கள் களத்தில் அந்தக் கீச்சு இல்லை. இருந்திருந்தால் டவர் அக்கா மறுபடி கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். 1977 மார்ச் 27 அன்று டெனரிஃபில் அந்தக் கீச்சு வந்தது. பனிமூட்டத்தில் ஓடுபாதையில் நின்ற கே.எல்.எம். விமானத்துக்கு டவர் ‘ஓகே’ என்றது. அதற்கடுத்து, காத்திருங்கள் என்று டவர் சொன்னதும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் சொன்னதும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. கே.எல்.எம். அறையில் கேட்டது ‘ஓகே’யும் ஒரு கீச்சும். கிளம்புவதற்கு அனுமதி கிடைத்ததாக நம்பிக்கொண்டிருந்த தலைமை விமானிக்கு அந்த ‘ஓகே’ போதுமானதாக இருந்தது. 583 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை அனுமதி கொடுக்கவும் ரத்து செய்யவும் மட்டுமே பயன்படுத்துவது, மற்ற நேரம் ‘டிபார்ச்சர்’ என்பது வழக்கமானது. மன்னார்குடிப் பையன் 4:20-ல் ‘ரெடி ஃபார் டிபார்ச்சர்’ என்று சொன்னதற்கு அன்று நான் பாராட்டினேன். அவன் மட்டும்தான் அன்று பாராட்டு வாங்கினான், அடியும் வாங்கினான்.

அவனிடமும் ஒரு கேள்வி கேட்டேன். 4:38-ல் யாரோ 2,500 அடியில் ஏதோ அணைக்கு மேலே இருக்கிறேன் என்கிறார்கள். நீ இடப்பக்கம் திரும்பி அதே உயரத்தைக் கடந்து ஏறப் போகிறாய். உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா? “கேட்டுச்சு சார். அது என் விஷயம் இல்லன்னு விட்டுட்டேன்.” ஒரே அலைவரிசையில் எல்லோரும் பேசுவதில் இருக்கும் பெரிய லாபமே அடுத்தவர் பேச்சு நம் காதிலும் விழுவதுதான். அங்காளி பங்காளி வீட்டு விவகாரத்தை ஒட்டுக் கேட்பதில் நம் ஆட்களுக்கு இருக்கும் ஆர்வம் ரேடியோவுக்கு முன்னால் மட்டும் ஏன் போய்விடுகிறது என்று எனக்குப் புரிவதில்லை. டவர் அக்காவும் அவனிடம் ‘மேற்கே ஒருவர், கிழக்கே ஒருவர்’ என்று ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பொருந்தாத உத்தரவு

இனி நடு விஷயத்துக்கு வருகிறேன். குடவாசல் பையன் தனக்கு வராத உத்தரவைத் தனக்கு வந்ததாக எடுத்துக்கொண்டான். அழைப்புப் பெயர் ‘ஒன் நைனர்’ என்று தெளிவாகவே சொல்லப்பட்டது. தான் பேசி முடித்ததும் வந்த பதில் தனக்குத்தான் என்று அவன் காது முடிவு கட்டிவிட்டது. இது யாருக்கும் நடக்கும்.

ஆனால் அந்த உத்தரவே அவனுக்குப் பொருந்தாதது. ஓடுபாதை 09-க்கு ‘லெஃப்ட் பேஸ்’ என்பது விமான நிலையத்தின் மேற்கு முனைக்கு வடக்கே இருக்கும் ‘கால்’, அதாவது இறங்குவதற்குச் சுற்றிவரும் பாதையில் ஒரு துண்டு. முக்கொம்பிலிருந்து வருகிறவருக்கு அது இயல்பான வழி. கல்லணையிலிருந்து வருகிறவர் முதலில் ஓடுபாதைக்கு இணையாக மேற்கே போகும் ‘டவுன்விண்ட்’ காலில் சேர வேண்டும். கிழக்கு வாசலில் நிற்கிறவனைக் கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார் என்று சொன்னதுபோல. அதை அவன் கவனித்தானா என்று கேட்டேன்.

“தோணிச்சு சார். லெஃப்ட் பேஸ் எப்படின்னு ஒரு செகண்ட் தோணிச்சு. அக்கா தப்பாச் சொல்ல மாட்டாங்கன்னு விட்டுட்டேன்.”

அந்த ஒரு வினாடியைத்தான் நான் இந்த ஆய்வின் மையமாக வைக்கிறேன். பொத்தானைச் சீக்கிரம் அழுத்தியது, ‘கிராண்ட்’டை விட்டது எல்லாம் பழகினால் சரியாகிவிடும். சந்தேகம் வந்த பிறகும் “சே அகெய்ன்” என்று கேட்காமல் விட்டதே, அது பழக்கத்தால் வந்தது. நாம் வளர்த்த பழக்கம். பெரியவர்கள் சொன்னதை மறுபடி கேட்டால் ‘காதுல விழலையா?’ என்பார்கள். வாத்தியார் சொன்னது புரியாவிட்டாலும் ‘சரிங்க சார்’. டாக்டர் சீட்டில் எழுதியது புரியாவிட்டாலும் ‘சரிங்க டாக்டர்’. பதினெட்டு வயது வரை ‘சரிங்க’ என்று சொல்லியே மரியாதை வாங்கியவனிடம், திடீரென்று ஹெட்செட்டை மாட்டிவிட்டு, கேள்வி கேள் என்றால் எங்கிருந்து வரும்? அவன் ‘ரோஜர்’ ஆங்கிலமே இல்லை. ‘சரிங்க அக்கா’தான் அது.

நிஜ வானத்தில் இன்னும் பல வலைகள் உண்டு. ஜெட்டில் இருக்கும் டிகாஸ் கருவி பக்கத்தில் விமானம் வருவதைச் சொல்லும், எதிரில் உள்ளதில் டிரான்ஸ்பாண்டர் ஓடிக்கொண்டிருந்தால். ரேடார் திரையில் தெரியலாம். நம் நாட்டில் டிகாஸ் கட்டாயமானதே, 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்த பிறகுதான். அங்கே கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி கொடுக்கப்பட்டது. எதிரே சவூதி விமானம் 14,000-ல். ரேடியோவில் பதில் சரியாகவே போனது. ஆனால் விமானம் கொடுத்த உயரத்தில் நிற்காமல் கீழே இறங்கியது. ரேடியோ பேசியவருக்குத் தன் இடத்தில் உயரமானியே கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். ரீட்பேக் சரியாக இருந்தால் போதும் என்று என் பிள்ளைகள் நினைக்க ஆரம்பித்தால் இந்தக் கதையைச் சொல்வேன். வாய் சொன்னதைக் கை செய்ததா என்று யாராவது பார்க்க வேண்டும்.

மறு ஓட்டம்

அடுத்த ஞாயிறு இதே பயிற்சியை மறுபடி வைத்தோம். பெயர்களை மாற்றினேன்: காவேரி 12, காவேரி 48. அணைகளுக்குத் தூரமும் திசையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றேன். மோதல் நடக்கவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. போன வாரம் பயந்துபோன பிள்ளைகள் காற்றின் வேகத்தைக்கூடத் திருப்பிச் சொன்னார்கள், ‘குட் ஈவினிங் மேடம்’ உட்பட. அலைவரிசை முழுக்கப் பேச்சு. மன்னார்குடிப் பையன் கிளம்பத் தயார் என்று சொல்ல இடைவெளியே கிடைக்காமல் ஒன்றரை நிமிடம் ஓடுபாதை ஓரத்தில் நின்றான். அப்புறம் கட்டாயப் பட்டியலை மறுபடி எடுத்து உட்கார்ந்தோம். எதைச் சொல்ல வேண்டும் என்பதைவிட எதை விடலாம் என்பதைக் கற்றுக்கொடுக்கத்தான் நேரம் பிடிக்கிறது.

திருவையாற்றுப் பெண்ணைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை என்று கவனித்திருப்பீர்கள். ‘நைனர்’ என்று சொல்லாததைத் தவிர அவள் எல்லாமே சரியாகச் செய்தாள். அழைப்புப் பெயர் அவளுடையது. உத்தரவு அவளுக்குப் பொருந்தியது. திருப்பிச் சொன்னதும் சரி. விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. ஆனால் 4:44-ல் அவள் முக்கொம்புக்கு இன்னும் ஒன்றரை மைல் தள்ளி இருந்தாள். முக்கொம்பு வந்ததும் சொல் என்றுதான் உத்தரவு. அவள் இன்னும் சொல்லவே இல்லை, அதற்குள் அடுத்த அனுமதி வந்துவிட்டது. முக்கொம்பில் யாரோ இருப்பதாக டவர் நினைக்கிறது என்று கண்டுபிடிக்கும் வாய்ப்பு அந்த அலைவரிசையில் இருந்த நாலு பேரில் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது. “அப்பர் அனிகட் இன்னும் வரவில்லை, ஒன்றரை மைல் இருக்கிறது” என்று அவள் ஒரு வரி சேர்த்திருந்தால் எல்லாம் அவிழ்ந்திருக்கும்.

இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தனக்குப் பாதகமான உத்தரவைச் சந்தேகப்படு என்றால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. சாதகமானதை எப்படிச் சந்தேகப்படுவது? அவளிடமே கேட்டேன்.

“ஸ்டாப்புக்கு முன்னாடியே நம்ம வீட்டு வாசல்ல பஸ்ஸ நிறுத்தினா, ஏன் நிறுத்தினீங்கன்னு யாராவது கேப்பாங்களா சார்? இறங்கிட்டுப் போயிட்டே இருப்போம்” என்றாள்.

மூன்றாவது வாரம் யாரிடமும் சொல்லாமல் டவரில் நானே உட்கார்ந்தேன். ஒவ்வொருவருக்கும் அவர்கள் கேட்பதற்கு முன்பே ஓர் அனுமதியைக் கொடுத்துப் பார்த்தேன். குடவாசல் வாங்கிக்கொண்டான். மன்னார்குடி வாங்கிக்கொண்டான். இந்த முறை விமானி வேஷத்தில் இருந்த பட்டுக்கோட்டை அக்காவும் வாங்கிக்கொண்டாள். திருவையாற்றுப் பெண்ணுக்கு முக்கொம்புக்கு இரண்டு மைல் முன்னால் கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. வாக்கி டாக்கியில் பேட்டரி போய்விட்டதோ என்று கையில் எடுத்துப் பார்த்தேன்.

“டவர், காவேரி ஃபோவர் எயிட், டூ மைல்ஸ் ஷார்ட் ஆஃப் அப்பர் அனிகட். கன்ஃபர்ம் கிளியரன்ஸ் ஃபார் காவேரி ஃபோவர் எயிட்?”

அதற்குள் ஆலைக்காரர் வந்துவிட்டார். லாரி நிற்கிறது, நெல்லைப் பரப்ப வேண்டும், களத்தை விடுங்கள் என்றார். நாங்கள் துடைப்பதற்குள் முக்கொம்பின் மேல் முதல் மூட்டையை அவிழ்த்துவிட்டார்கள்.